இயேசப்பான்னு கூப்பிட்டு ஜெபிச்சா தப்பா?

தங்கச்சி, உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். சின்ன வயசுல இருந்து "இயேசப்பா"ன்னு கூப்பிட்டே ஜெபம் பண்ணி வளர்ந்திருக்கீங்க, இப்போ புதுசா போற ஜெபக்கூட்டத்துல ஒரு ஊழியர் "ஜெபம் பிதாகிட்ட மட்டும்தான் ஏறெடுக்கணும், இயேசுவைக் கூப்பிட்டு ஜெபிக்கிறது வேதத்துலயே இல்ல, அப்படி ஜெபிச்சது எல்லாம் வீண்"னு சொல்லிட்டாரு, அன்னையில இருந்து முழங்கால் போட்டா முதல் வார்த்தையே வர மாட்டேங்குதுன்னு எழுதியிருக்கீங்க. கூடவே உங்க கத்தோலிக்க மாமியார் ஜெபமாலை சொல்றப்போ பக்கத்துல உட்காரலாமா, 5 வயசு மகனுக்கு யாரைக் கூப்பிட்டு ஜெபிக்க சொல்லிக்கொடுக்கணும்னும் கேட்டிருக்கீங்க.

மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க இத்தனை வருஷமா பண்ணின ஜெபத்துல ஒண்ணுகூட வீணாப் போகல. அதை நம்பி இன்னைக்கு ராத்திரியே முழங்கால் போடுங்க, மிச்சத்தை நாளைக்குப் படிச்சாலும் பரவாயில்ல.

அந்த ஊழியர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. சீஷர்கள் "எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதியும்"னு கேட்டப்போ இயேசு சொல்லிக்கொடுத்தது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னுதான், "இயேசுவே"ன்னு ஆரம்பிக்கச் சொல்லல. அவரும் கெத்செமனேல விழுந்து கிடந்தப்போ கூப்பிட்டது "அப்பா பிதாவே"ன்னு. பேதுருவும் யோவானும் விடுதலையாகி வந்ததும் சபை ஒருமனப்பட்டு ஜெபிச்சதே, அப்போஸ்தலர் 4, அது முழுக்க பிதாவை நோக்கித்தான் போகுது, இயேசு அதுல "உம்முடைய பரிசுத்த பிள்ளையாகிய இயேசு"ன்னுதான் வர்றாரு. பவுல் எபேசியர் 3:14ல முழங்கால்படியிடுறதும் பிதாவுக்கு முன்னாடி. அதே நிருபம் 2:18ஐ எடுத்துப் பாருங்க, ஒரே ஆவியினாலே, கிறிஸ்து மூலமா, பிதாகிட்ட சேருறோம்னு ஒரு வசனத்துக்குள்ள மூணு பேரையும் வச்சிருக்காரு. கிறிஸ்தவ ஜெபத்தோட இலக்கணம் அதுதான், பிதாவுக்கு, குமாரன் மூலமா, ஆவியில. பொதுவா இந்தத் திசையிலதான் ஜெபம் ஓடுது.

சபையும் அதை நல்லாவே காப்பாத்திச்சு. 393ல வட ஆப்பிரிக்காவுல ஹிப்போ ஊர்ல கூடின ஆயர்கள் சங்கம், திருப்பந்தியில நின்னு பண்ற ஜெபம் எப்பவும் பிதாவை நோக்கியே இருக்கணும்னு விதியே போட்டுச்சு. இன்னைக்கும் கத்தோலிக்கப் பூசையில குருவானவர் சொல்ற மன்றாட்டு "உம் திருமகனுமாகிய இயேசு கிறிஸ்து வழியாக"ன்னு முடியுறதையும், சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில குருவானவர் வாசிக்கிற சுருக்க ஜெபங்கள் அதே மாதிரி முடியுறதையும் நீங்க கேட்டிருப்பீங்க. 1500 வருஷத்துக்கு மேல மாறாம வந்த ஓட்டம் அது.

ஆனா "இயேசுவைக் கூப்பிட்டு ஜெபிக்கிறது வேதத்துல இல்ல"ன்னு சொன்னாரே, அது தப்பு, சும்மா சின்னத் தப்பும் இல்ல. ஸ்தேவான் என்ன பண்ணினாரு? கல்லு மேல கல்லா வந்து விழுது, உயிர் போகப் போகுது, அந்த நேரத்துல அவர் வாயில வந்தது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்". அடுத்து முழங்கால் போட்டு இவங்க மேல இந்தப் பாவத்தை சுமத்தாதிரும்னு கேட்குறாரு. இப்போ இதை சிலுவையில இயேசு பிதாகிட்ட கேட்டதோட சேர்த்து வச்சுப் பாருங்க, "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்", "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்". ரெண்டும் அதே ரெண்டு வேண்டுதல்தான். இயேசு பிதாகிட்ட கேட்டதை ஸ்தேவான் இயேசுகிட்ட கேட்குறாரு. லூக்கா சுவிசேஷத்தையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் எழுதினது ஒரே கைங்கிறதால இது தற்செயலா வந்து விழுந்ததுன்னு என்னால நினைக்க முடியல.

பவுலும் அப்படித்தான். மாம்சத்துல இருந்த முள் நீங்கணும்னு மூணு தரம் கர்த்தர்கிட்ட வேண்டிக்கிட்டேன்னு 2 கொரிந்தியர் 12ல சொல்றாரு, அந்தக் கர்த்தர் யாரு? பதில் என்ன வருது, "என் கிருபை உனக்குப் போதும்", உடனே பவுல் சொல்றாரு, கிறிஸ்துவின் வல்லமை என்மேல தங்கும்படி என் பலவீனங்களைக் குறிச்சு மேன்மைபாராட்டுவேன்னு. அப்போ அவர் வேண்டிக்கிட்டது கிறிஸ்துகிட்டதான். நம்ம பழைய மொழிபெயர்ப்புல ஒரு சிக்கல் இருக்கு, பழைய ஏற்பாட்டுல யேகோவாவுக்கும் கர்த்தர், புதிய ஏற்பாட்டுல இயேசுவுக்கும் கர்த்தர், அதனால "கர்த்தாவே"ன்னு வந்தா யாரைன்னு சட்டுனு புரியாது. மொழிபெயர்த்தவங்க மேல குறை சொல்ல முடியாது, கிரேக்கத்துலயே ரெண்டுக்கும் குரியோஸ்ங்கிற ஒரே சொல்தான். யூதாஸுக்குப் பதிலா மத்தியாவை அப்போஸ்தலனா தெரிஞ்செடுக்கிறப்போ "எல்லாருடைய இருதயங்களையும் அறிந்திருக்கிற கர்த்தாவே"ன்னு ஜெபிச்சாங்களே, அது பிதாவா குமாரனான்னு இன்னைக்கும் வேத அறிஞர்கள் பேசிக்கிட்டு இருக்காங்க. ஜெபிச்சவங்களுக்கு அதைப் பிரிச்சுக் காட்டணும்னு தோணவே இல்லங்கிறதுதான் எனக்கு அதுல பிடிச்ச விஷயம்.

இன்னும் ஒண்ணு. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் முடியுற இடத்துல "மாரநாதா"ன்னு ஒரு சொல் வருது. கிரேக்க நிருபத்துக்குள்ள, இயேசு பேசின அரமேயிக் மொழிச் சொல் ஒண்ணு, "எங்க ஆண்டவரே வாரும்"னு அர்த்தம். கிரேக்கம் பேசுற கொரிந்து ஊர்ச் சபைக்கு அதை மொழிபெயர்க்காம அப்படியே எழுதுறாருன்னா, அந்த ஜெபம் அதுக்கு முன்னாடியே அரமேயிக் பேசின முதல் விசுவாசிகள் வாயில இருந்து வந்து ஊர் ஊரா பரவியிருக்கணும். ஆக இயேசுவைக் கூப்பிட்டு ஜெபிக்கிறது பின்னாடி யாரோ சேர்த்தது இல்ல, சபைக்கு வயசு இருபது இருபத்தஞ்சு ஆகும்போதே பழகிப்போன பழக்கம். வேதத்தோட கடைசி ஜெபமும் அதுவேதான், "ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்". வெளியாளும் இதைப் பார்த்திருக்கான், 112 வாக்குல பிளினிங்கிற ரோம ஆளுநர் திராயான் பேரரசருக்கு எழுதின கடிதத்துல, இந்தக் கிறிஸ்தவங்க குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியுறதுக்கு முன்னாடி கூடி கிறிஸ்துவை ஒரு தெய்வமா வச்சுப் பாடுறாங்கன்னு எழுதுறான்.

சரி, அப்போ யோவான் 16:23? உங்க ஊழியர் காட்டின வசனம் அதுவாத்தான் இருக்கும், "அந்த நாளில் நீங்கள் என்னிடத்தில் ஒன்றுங் கேட்கமாட்டீர்கள்". இதைப் பொறுமையா பார்க்கணும். தமிழ்ல கேட்குறதுன்னா ரெண்டு அர்த்தம், "வழி கேட்டான்"னா விசாரிச்சான், "காசு கேட்டான்"னா யாசிச்சான். கிரேக்கத்துல இந்த வசனத்துலயே ரெண்டு தனித்தனி வினைச்சொல் இருக்கு. முதல் பாதியில வர்ற சொல் கேள்வி கேட்குறதுக்கும் வரும், அதே அதிகாரத்துல "எங்கே போகிறீர்னு யாரும் என்னைக் கேட்கல"ன்னு இயேசு சொல்றப்போ வர்றது அதே சொல்தான். பின்பாதியில பிதாகிட்ட கேட்குறதுக்கு வர்ற சொல் வேற. சீஷர்கள் அந்த ராத்திரி முழுக்க "கொஞ்சக் காலம்னு சொல்றாரே அது என்னது"ன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழிச்சுக்கிட்டு இருந்தாங்க, அந்தக் குழப்பம் தீரும், அப்போ நீங்க என்கிட்ட விளக்கம் கேட்டு நிக்க மாட்டீங்கன்னு சொல்றாருன்னு எடுத்துக்கிறதுதான் எனக்கு பொருத்தமா படுது. இயேசுகிட்ட ஜெபிக்காதீங்கன்னு அவர் சொல்லியிருந்தா ஸ்தேவானும் பவுலும் அதை மீறினாங்கன்னு ஆயிடும்.

இந்தக் கேள்வி நம்ம ஊழியரோட ஆரம்பிக்கவும் இல்ல. ஒரிகேன்னு அலெக்சாந்திரியாவுல பிறந்த பெரிய அறிஞர், 233, 234 வாக்குல ஜெபத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு, அதுல முறையான ஜெபம் பிதாவுக்கு மட்டும்தான், கிறிஸ்துவுக்குக்கூட இல்ல, கிறிஸ்து மூலமா போகணும்னே எழுதினாரு. ஆனா அதே மனுஷன் பிரசங்கம் பண்ணும்போது உருகிப் போய் இயேசுவைக் கூப்பிட்டு ஜெபிச்சிருக்காரு, அந்தப் பிரசங்கங்களும் இருக்கு. அவர் எழுதின விதியை அவரோட அன்பே மீறிடுச்சு. நூறு வருஷம் கழிச்சு ஆரியுஸ் கூட்டத்தார், ஜெபம் குமாரன் "மூலமா"ன்னுதானே போகுது, அப்போ குமாரன் பிதாவுக்குக் கீழதானேன்னு கிளம்பினாங்க. அப்போ செசரியா ஊர் ஆயர் பசிலியார் தன் சபையில "குமாரன் மூலமா, ஆவியில"ன்னும் "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்"ன்னும் ரெண்டு விதமாவும் மகிமை செலுத்தினாரு, அதுக்கு எதிர்ப்பு வரவும் 375 வாக்குல பரிசுத்த ஆவியைப் பத்தி ஒரு புத்தகமே எழுதி ரெண்டும் சரின்னு நிலைநாட்டினாரு. "மூலமா"ங்கிறது அவர் நமக்கு செய்றதைச் சொல்லுது, "ஓடும்"ங்கிறது அவர் யாருங்கிறதைச் சொல்லுது. எனக்கு இதுக்கு மேல தெளிவா சொல்லத் தெரியல.

இப்போ உங்க "இயேசப்பா". எங்க ஆச்சி அந்தி நேரம் திண்ணையில பாய் விரிச்சு வீட்ல எல்லாரையும் உட்கார வச்சு ஜெபம் பண்ணுவாங்க, சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கிட்டு "பரம தகப்பனே"ன்னு ஆரம்பிப்பாங்க, ஒவ்வொரு பேரப்பிள்ளை பேரையும் சொல்லி, மழை, ஆடு, கடன் எல்லாத்தையும் சொல்லி வரிசையா போகும். ஆனா கடைசி வருஷம் படுக்கையில கிடந்தப்போ ராத்திரி வலி வந்தா "என் இயேசப்பா, என் இயேசப்பா"ன்னு மட்டும்தான் சத்தம் வரும். பக்கத்துல கட்டில்ல படுத்திருந்தவன் நான். அந்த ராத்திரியில ஆச்சிகிட்ட போய் "நீங்க குமாரனை அப்பான்னு கூப்பிடுறீங்க, அது சரியில்ல"ன்னு சொல்றதுக்கு எந்த ஊழியருக்கும் உரிமை இல்லன்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

வேதமும் அந்தக் கூப்பாட்டுக்கு இடம் கொடுக்குது. ஏசாயா 9:6ல பிறக்கப்போற குமாரனுக்கு "நித்திய பிதா"ன்னு ஒரு பேர் இருக்கு. கடைசி ராப்போஜனத்துல சீஷர்களை "பிள்ளைகளே"ன்னு கூப்பிட்டு, உங்களைத் திக்கற்றவர்களா விட மாட்டேன்னு சொல்றாரு, அந்தச் சொல்லுக்கு கிரேக்கத்துல தாய் தகப்பன் இல்லாத பிள்ளைன்னு அர்த்தம். நம்ம நாட்டுல அப்பாங்கிறதை மதிப்புக்கும் பாசத்துக்கும் எத்தனையோ பேருக்குச் சேர்த்துச் சொல்றோம், பெத்தவருக்கு மட்டும் இல்லையே. அரமேயிக் "அப்பா"வும் நம்ம அப்பாவும் ஒரே மாதிரி ஒலிக்கிறதைப் பார்க்கிறப்போ எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும், மத்த நாட்டு விசுவாசிகள் அந்தச் சொல்லுக்கு விளக்கம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும், நம்ம பிள்ளைங்க அதை அம்மா மடியிலயே கத்துக்குதுங்க.

இருந்தாலும் ஒரு இடத்துல உங்களைக் கவனமா இருக்கச் சொல்லணும். நம்ம வீடுகள்ல அப்பாகிட்ட நேரா கேட்கப் பயந்தா அம்மாகிட்ட போய் "நீ சொல்லு"ன்னு சிபாரிசு பிடிப்போம்ல, அதே மாதிரி பிதா கோபக்காரர், இயேசுதான் இளகின மனசுக்காரர், அதனால இயேசுகிட்ட சொன்னாப் போதும்னு நிறைய பேர் மனசுல ஒரு படம் இருக்கு. நீங்க இயேசப்பான்னு கூப்பிடுறதுக்குக் காரணம் அன்புன்னா சந்தோஷம், பிதாகிட்ட போகப் பயம்னா அதை சரி பண்ணணும். இயேசுவே அந்தப் படத்தைக் கிழிச்சுப் போட்டிருக்காரு, ஊழியர் காட்டின அதே அதிகாரத்துல மூணு நாலு வசனம் தள்ளிப் படிங்க. உங்களுக்காக நான் பிதாகிட்ட கேட்டுக்குவேன்னு சொல்ல வேண்டியதில்ல, "பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்"னு இருக்கு. குமாரனை அனுப்பினதே பிதாவோட அன்புதான். யோவான் 3:16ஐ மனப்பாடமா சொல்ற நாமளே அதுல அன்புகூர்ந்தது யாருன்னு மறந்துடுறோம்.

இன்னொரு குழப்பம் பொது ஜெபத்துல நடக்குது. "அன்பின் பரலோக பிதாவே"ன்னு ஆரம்பிப்போம், நடுவுல உணர்ச்சி வந்து "எங்களுக்காக சிலுவையில ரத்தம் சிந்தி மரிச்சீரே ஸ்தோத்திரம்"னு வரும், கடைசியில "இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜெபம் கேளும் நல்ல பிதாவே ஆமென்". யாரு மரிச்சது? பிதா மரிக்கல. பிதாவே சிலுவையில பாடுபட்டாருன்னு ஒரு உபதேசத்தை பிரக்சேயாங்கிறவர் பரப்பினாருன்னு வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 200களின் தொடக்கத்துல ஒரு புத்தகமே எழுதி, அந்த ஆள் பிதாவை சிலுவையில அறைஞ்சுட்டான்னு சாடினாரு. நம்ம தாய்மார் ஜெபத்துல அப்படி வந்துட்டா அது கள்ள உபதேசம் ஆகாது, ஆண்டவர் வார்த்தையைத் திருத்திக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டாரு, ஆனா மைக் பிடிச்சு நூறு பேர் சார்பா ஜெபிக்கிறவங்க கொஞ்சம் நிதானிச்சுப் பேசினா கேட்குற பிள்ளைங்க விசுவாசம் தெளிவா வளரும். "உம் குமாரனை எங்களுக்காக மரிக்கக் கொடுத்தீரே"ன்னு சொன்னாப் போதும்.

"இயேசுவின் நாமத்தில்"ங்கிறதும் கடைசியில ஒட்டுற ஸ்டாம்ப் இல்ல. கர்த்தருடைய ஜெபத்துலயே அந்த வார்த்தை கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? ஸ்கேவாவோட ஏழு பிள்ளைங்க அந்த நாமத்தை மந்திரம் மாதிரி உபயோகிச்சு அடிபட்டு, துணிமணி இல்லாம ஓடினதை அப்போஸ்தலர் 19 சொல்லுது. ஊர்ல ஒரு பெரியவர் வீட்டு வாசல்ல போய் நின்னு "நான் இன்னார் வீட்டுப் பிள்ளை"ன்னு சொல்றோம்ல, அது மாதிரி. அவரைச் சேர்ந்தவளா, அவர் விரும்புறதைக் கேட்டு வந்து நிக்கிறேன்னு அர்த்தம்.

பரிசுத்த ஆவியானவரைப் பத்தி நீங்க கேட்கல, ஆனா அந்தக் கூட்டத்துல அடுத்து அதுதான் வரும். புதிய ஏற்பாட்டுல ஆவியானவரை நேரா கூப்பிட்டுப் பண்ணின ஜெபம் ஒண்ணும் பதிவாகல. ரோமர் 8:26படி அவர் நமக்குள்ள இருந்து வாக்குக்கடங்காத பெருமூச்சோட வேண்டுறவர், நாம ஜெபிக்கிற மூச்சே அவர்தான். அதே நேரம் 381ல கான்ஸ்டாண்டிநோபிள்ல கூடின சங்கம், அவர் பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்படுறவர்னு அறிக்கை பண்ணிடுச்சு, தொழலாம்னா கூப்பிடவும் செய்யலாம். மேற்குச் சபைகள் 800களில் இருந்தே "சிருஷ்டிக்கும் ஆவியே வாரும்"ங்கிற பொருள்ல ஒரு லத்தீன் பாட்டு பாடிக்கிட்டு வருது, நம்ம சபைகள்ல "ஆவியானவரே"ன்னு ஆரம்பிக்கிற பாட்டு எத்தனை இருக்கு.

உங்க மாமியார் விஷயத்துக்கு வரேன். ஜெபமாலையோட சேர்த்து அவங்க மன்றாட்டுமாலை (வரிசையா பேர் சொல்லி வேண்டுற ஜெபம்) சொல்றப்போ ஒரு தடவை வார்த்தையை மட்டும் கவனிச்சுக் கேளுங்க. ஆண்டவரை நோக்கிச் சொல்றப்போ "இரக்கமாயிரும்"னு வரும், மாதாவையும் புனிதர்களையும் சொல்றப்போ "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு வரும். அந்த ரெண்டு வார்த்தை வித்தியாசத்துல கத்தோலிக்க போதனை முழுக்க அடங்கியிருக்கு. 787ல இரண்டாம் நிசேயா சங்கத்துல ஆராதனை கடவுளுக்கு மட்டும், வணக்கம் வேறன்னு பிரிச்சு வச்சாங்க, 1563ல திரெந்து சங்கம் புனிதர்களோட வேண்டுதலைக் கேட்குறது நல்லது, பயனுள்ளதுன்னு சொல்லுச்சு. அருள்நிறைந்த மரியேங்கிற ஜெபத்துல முதல் பாதி லூக்கா முதல் அதிகாரத்துல தேவதூதனும் எலிசபெத்தும் சொன்னது, "பாவிகளாகிய எங்களுக்காக"ங்கிற பின்பாதி இன்னைக்கு இருக்கிற உருவத்துல 1568ல ரோமைச் செபப்புத்தகத்துல நிலைப்பட்டுச்சு.

நான் சி.எஸ்.ஐக்காரன், நான் அப்படி ஜெபிக்கிறது இல்ல. மரிச்சுப்போன பரிசுத்தவான்களைக் கூப்பிட்டு வேண்டிக்கச் சொன்னதுக்கு வேதத்துல ஒரு உதாரணம் எனக்குக் கிடைக்கல, 1 தீமோத்தேயு 2:5 மத்தியஸ்தர் ஒருவரேன்னு சொல்லுது, கிருபாசனத்துக்கு தைரியமா வாங்கன்னு எபிரெயர் 4:16 கூப்பிடுறப்போ நான் வேற வாசல் தேடல. லூத்தர் பக்கத்துல 1530ல எழுதின ஆக்ஸ்பர்க் அறிக்கையும் பரிசுத்தவான்களை நினைவுகூரலாம், அவங்க விசுவாசத்தைப் பின்பற்றலாம், உதவிக்குக் கூப்பிடக் கூடாதுன்னுதான் சொல்லுது. நம்ம மண்ணுலயும் இது பழைய வழக்கு, தரங்கம்பாடி லுத்தரன்காரங்களுக்கும் வீரமாமுனிவருக்கும் நடுவுல 1700களில் தமிழ்லயே நூல் எழுதிச் சண்டை நடந்திருக்கு. ஆனா மாமியார் மாதாவைக் கும்பிடுறாங்க, விக்கிரகாராதனை பண்றாங்கன்னு அந்தக் கூட்டத்துல யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அது அவங்க விசுவாசம் இல்ல. பக்கத்துல உட்காருங்க. "எங்கள் தந்தையே" வரும்போது சத்தமா சேர்ந்து சொல்லுங்க, மாலையில பத்து மணி உருட்டினதும் ஒரு தடவை அது வரும், மத்த நேரம் அமைதியா இருந்தா அவங்களுக்கும் வருத்தம் இருக்காது, உங்க மனசாட்சிக்கும் பங்கம் இல்ல.

மகனுக்கு அஞ்சு வயசுன்னா இயேசப்பான்னே கூப்பிடட்டும், அதை மாத்தாதீங்க. ராத்திரி படுக்கும்போது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு முதல் வரியை மட்டும் நீங்க சொல்லி அவனைத் திருப்பிச் சொல்ல வைங்க, ஒரு வாரம் அது போதும், அடுத்த வாரம் அடுத்த வரி. அந்தப் பிதா யாருன்னு அவன் கேட்பான், பிள்ளைங்க கண்டிப்பா கேட்கும். இயேசப்பாவோட அப்பா, உனக்கும் அவர் அப்பா, இயேசப்பாதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாருன்னு சொல்லுங்க. அன்னைக்கு நீங்களும் அவன் பக்கத்துல முழங்கால் போட்டு அந்த ஜெபத்தை முதல்ல இருந்து சொல்லிப் பாருங்க.